ஒரு மில்லியில் எவ்வளவு மருந்து? இரண்டாம் ஆண்டு நர்சிங், பார்மகாலஜி சந்தேகங்கள்

போரூர்_மாணவி
வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் நாலாவது செமஸ்டர், பார்மகாலஜி இரண்டாம் தாள். மருந்தின் பெயர், வகை, பக்கவிளைவு எல்லாம் மனப்பாடம். ஆனால் வார்டில் ட்ரே முன்னால் நின்றால் கை ஓடவில்லை. மூன்று சந்தேகம்:
இன்சுலினில் 40, 100 என்று இரண்டு இருக்கிறதே, டோஸ் எப்படி இழுப்பது?
ஹாஃப் லைஃப் தெரிந்து நர்ஸுக்கு என்ன பயன்?
பொட்டாசியத்தை ஏன் நேரடியாக ஊசியில் போடவே கூடாது என்கிறார்கள்?
தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

வடசென்னை_சிஸ்டர்
இன்சுலினிலிருந்து தொடங்கலாம்மா. நம்ம ஊரில் வயலில் (ரப்பர் மூடி போட்ட சிறு மருந்துக் குப்பி) வருவது பெரும்பாலும் யூ-40. 1 மி.லி.யில் 40 யூனிட், 10 மி.லி. வயல் முழுக்க 400 யூனிட். பேனாவில் போடும் 3 மி.லி. கார்ட்ரிட்ஜ் யூ-100. அதில் மொத்தம் 300 யூனிட். யூ-100 வயலும் கடையில் கிடைக்கிறது. அதனால் வயல் என்றாலே 40 என்று முடிவு கட்டாதே. லேபிளில் ஒரு மி.லி.க்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும் இடத்தில் விரலை வைத்துப் படி.

சிரிஞ்சும் இரண்டு வகை. சிவப்பு மூடி யூ-40-க்கு, ஆரஞ்சு மூடி யூ-100-க்கு. சிவப்பில் 10-ஆம் கோடு வரை இழுத்தால் உள்ளே இருப்பது 0.25 மி.லி. அது யூ-100 மருந்தாக இருந்தால் போவது 25 யூனிட், இரண்டரை மடங்கு. ஆரஞ்சில் 10-ஆம் கோடு என்பது 0.1 மி.லி. அதில் யூ-40 மருந்தை இழுத்தால் போவது வெறும் 4 யூனிட்.

முதல் தவறில் நோயாளி வியர்த்து, நடுங்கி, குழம்பிப் பேசுவார். சீக்கிரம் தெரிந்துவிடும். இரண்டாவது தவறு சத்தமில்லாதது. சர்க்கரை இறங்கவில்லை என்று டாக்டர் டோஸை ஏற்றிக்கொண்டே போவார். அடுத்த ஷிப்டில் ஒருவர் சரியான சிரிஞ்சை எடுத்ததும், ஏற்றி வைத்த டோஸ் முழுசாக உள்ளே போகும். இரண்டில் இதைத்தான் நான் அதிகம் பயப்படச் சொல்வேன்.

ரெகுலரையும் (வேகமாக வேலை செய்யும் தெளிந்த இன்சுலின்) என்.பி.எச்.ஐயும் (மெதுவாக வேலை செய்யும் கலங்கலான இன்சுலின்) ஒரே சிரிஞ்சில் எடுக்க வேண்டியிருந்தால், 8 யூனிட் ரெகுலர், 16 யூனிட் என்.பி.எச். என்று வைத்துக்கொள். கலங்கலான வயலை உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக 10 தடவையாவது உருட்டு. குலுக்கினால் நுரை கட்டி அளவு தப்பும். இரண்டு வயலின் ரப்பரையும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் காயவிடு. முதலில் 16 யூனிட் அளவு காற்றை கலங்கல் வயலுக்குள் விடு. ஊசி மருந்தைத் தொடக் கூடாது. ஊசியை வெளியே எடு. அடுத்து 8 யூனிட் காற்றைத் தெளிந்த வயலில் விட்டு, வயலைக் கவிழ்த்து 8 இழு. குமிழி இருந்தால் தட்டி வெளியேற்று. கடைசியாகக் கலங்கல் வயலுக்குப் போய் 24-ஆம் கோடு வரை இழு. கோட்டைத் தாண்டிவிட்டால் அதிகப்படியை வயலுக்குள் திருப்பித் தள்ளாதே, சிரிஞ்சோடு கொட்டிவிட்டு முதலிலிருந்து எடு. தெளிந்தது முதலில் என்ற வரிசை எதற்கு என்றால், என்.பி.எச். ஒரு சொட்டு ரெகுலர் வயலில் கலந்தாலும் அந்த வயலின் வேகம் மாறிவிடும். நீண்ட நேரம் வேலை செய்யும் கிளார்ஜின் இன்சுலினை எதோடும் கலக்கவே கூடாது.

அண்ணாநகர்_ஸ்டாஃப்
சிவப்பு மூடி சிரிஞ்ச் ஸ்டாக் இல்லை என்றால் யூ-40 மருந்தை ஆரஞ்சு சிரிஞ்சில் 2.5 ஆல் பெருக்கி இழுக்கலாமே சிஸ்டர்? 20 யூனிட் வேண்டும் என்றால் 50-ஆம் கோடு. 0.5 மி.லி.தானே வருகிறது. கணக்கில் தப்பு இல்லையே.

வடசென்னை_சிஸ்டர்
கணக்கில் தப்பு இல்லை. ஆனாலும் செய்யக் கூடாது. கேஸ் ஷீட்டில் 20, சிரிஞ்சில் 50. சரிபார்க்க வருகிறவர் எதை நம்புவார்? பக்கத்தில் நிற்கும் நோயாளியின் மகள் 'சிஸ்டர் 50 வரைக்கும் இழுத்தாங்க' என்று மனதில் பதித்துக்கொள்வாள். வீட்டில் சிவப்பு சிரிஞ்சில் 50 என்று இழுக்கப் பார்ப்பாள். அதில் 40-க்கு மேல் கோடே கிடையாது. அப்போது இரண்டு தடவையாகப் போடுவாள். மனக்கணக்கில் நடக்கும் எந்த முறையும் ஷிப்ட் மாறும்போது உடைந்துவிடும். பக்கத்து வார்டில் சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு ஆகும் 10 நிமிடம் யாருக்கும் கெடுதல் செய்யாது.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். யூனிட் என்பதற்கு ஆங்கிலத்தில் 'யூ' என்று ஒற்றை எழுத்து போடாதீர்கள். அவசரக் கையெழுத்தில் அது சுழியம் போல விழுந்து 10 என்பது 100 ஆகிவிடும். முழுச் சொல்லாக எழுதுங்கள். அதே மாதிரி 5.0 என்று எழுதினால் புள்ளி மங்கி 50 ஆகும், .5 என்று எழுதினால் 5 ஆகும். 5 என்றும் 0.5 என்றும் மட்டும் எழுதப் பழகுங்கள்.

மருந்தாளுநர்_பெரம்பூர்
சிஸ்டர் சொன்னதோடு வைக்கும் முறையையும் சேர்க்கிறேன். திறக்காத வயல் 2 முதல் 8 டிகிரி வரை. ஃப்ரீசருக்கு ஒட்டிய தட்டு வேண்டாம். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிப் பழைய மாதிரி தெரிந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். திறந்த வயல் 25, 30 டிகிரிக்குள் சுமார் 4 வாரம் தாங்கும். சித்திரை, வைகாசியில் சென்னை வார்டில் அந்த 30 டிகிரி நடக்காத காரியம், அதனால் திறந்ததையும் ஃப்ரிட்ஜிலேயே வையுங்கள். வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லாதவர்களுக்கு ஈர மணலில் வைத்த மண்பானையைச் சொல்லிக்கொடுக்கிறோம். நல்ல வழிதான். ஆனால் கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம் என்பதால் இங்கே உள்மாவட்டங்கள் அளவுக்குப் பானை குளிராது. நிழலான, காற்றோட்டமான இடமாகப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். வயலில் திறந்த தேதி எழுதாமல் ட்ரேயில் வைக்காதீர்கள். ரெகுலர் கலங்கியிருந்தாலோ, என்.பி.எச். உருட்டிய பிறகும் கட்டிகட்டியாக நின்றாலோ கழிவுதான்.

ஒரு மில்லியில் எவ்வளவு என்ற கேள்வி இன்சுலினோடு முடியவில்லை. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் 5 மி.லி. வயல் இரண்டு விதமாக வருகிறது. ஒன்றில் 1 மி.லி.க்கு 1000 யூனிட், இன்னொன்றில் 5000. அளவில் ஒரே மாதிரி வயல், உள்ளே ஐந்து மடங்கு வித்தியாசம்.

குழந்தைகள் வார்டில் பாராசிட்டமால். டோஸ் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. என்று வைத்துக்கொண்டால், 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப்பில் 6 மி.லி., 250 மி.கி. உள்ள சிரப்பில் 3 மி.லி., 1 மி.லி.யில் 100 மி.கி. உள்ள டிராப்ஸில் 1.5 மி.லி. அதே 6 மி.லி.யை டிராப்ஸ் பாட்டிலிலிருந்து கொடுத்தால் 600 மி.கி. ஆகிறது. அம்மாக்களிடம் 'ஒரு மூடி கொடுங்க' என்று சொல்லி அனுப்பாதீர்கள். பாட்டிலை வாங்கிப் பார்த்து, மி.லி.யில் சொல்லி, மூடியில் கோட்டைக் காட்டி அனுப்புங்கள். காய்ச்சல், சளி மருந்து இரண்டும் கையில் இருந்தால் இரண்டிலும் பாராசிட்டமால் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கிண்டி_டியூட்டர்
ஹாஃப் லைஃப், தமிழில் அரை ஆயுட்காலம். இரத்தத்தில் உள்ள மருந்தின் அளவு பாதியாகக் குறைய எடுக்கும் நேரம். 100, 50, 25, 12.5, 6.25, 3.1. ஐந்து முறை பாதியானால் ஏறக்குறைய முழுதும் வெளியேறிவிட்டது. ஏறுவதும் இதே கணக்குதான்: தொடர்ந்து கொடுத்தால் நிலையான அளவை எட்ட நான்கிலிருந்து ஐந்து அரை ஆயுட்காலம் ஆகும்.

நர்ஸுக்கு என்ன பயன் என்று கேட்டீர்கள். இதய நோய்க்குக் கொடுக்கும் டிகாக்சினை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அரை ஆயுள் சுமார் 36 மணி. ஐந்தால் பெருக்கினால் 180 மணி, ஒரு வாரத்துக்கு மேல். அவ்வளவு காத்திருக்க முடியாத இடத்தில் லோடிங் டோஸ் (தொடக்கத்திலேயே கூடுதல் அளவு) கொடுக்கிறார்கள். மறுபக்கம், நச்சு ஏறிவிட்டால் இன்றைய மாத்திரையை நிறுத்தியதும் நாளைக்கே சரியாகிவிடாது. சிறுநீரகம் கெட்டவருக்கு இன்னும் இழுக்கும். அதனால் நிறுத்திய பிறகும் நாடித்துடிப்பைத் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

டிகாக்சின் கொடுக்கும் முன் ஸ்டெத்தை நெஞ்சில் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது இங்கே உதவாது, துடிப்பு சீராக இல்லாதவருக்குத்தானே இந்த மருந்தே. பெரியவருக்கு 60-க்குக் கீழ் என்றால் மாத்திரையை நிறுத்தி வைத்து டாக்டரிடம் சொல்லுங்கள். பசியின்மை, குமட்டல், பொருட்கள் மஞ்சளாகத் தெரிவது என்று நோயாளி சொன்னால் அதுவும் உடனே சொல்ல வேண்டிய செய்தி. அதே கேஸ் ஷீட்டில் சிறுநீரைப் பெருக்கும் ஃப்ரூசமைட் இருக்கிறதா பாருங்கள். அது சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றும். பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சின் இதயத் தசையில் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும், டோஸ் மாறாமலே நச்சு வரும். டிகாக்சின், ஃப்ரூசமைட், பொட்டாசியம் ரிப்போர்ட், இந்த மூன்றையும் ஒரே பார்வையில் சேர்த்துப் படிக்கத் தெரிந்தால் பாதி பார்மகாலஜி கைக்கு வந்துவிட்டது.

ஃபர்ஸ்ட் பாஸ் என்பதையும் இப்படியே பிடித்துக்கொள்ளலாம். விழுங்கிய மருந்து குடலிலிருந்து நேராக ஈரலுக்குப் போகிறது. சில மருந்துகளில் பெரும்பகுதியை ஈரல் அங்கேயே சிதைத்துவிடும். இதயத்துடிப்பைக் குறைக்கும் புரோபரனலால் ஐ.வி.யில் (நேரே இரத்தக்குழாயில்) 1 மி.கி. என்கிற இடத்தில் மாத்திரை 40 மி.கி. என்று இருப்பது அதனால்தான். வாய்வழி டோஸை அப்படியே ஐ.வி. டோஸாக நினைத்துவிடக் கூடாது என்பது இதன் நேரடிப் பொருள். நெஞ்சுவலிக்கு ஐசோசார்பைட் டைநைட்ரேட் 5 மி.கி.யை நாக்குக்கு அடியில் வைப்பதும் ஈரலைச் சுற்றிக்கொண்டு போகத்தான். நோயாளி விழுங்கிவிட்டால் வேகம் போய்விடும். உட்காரவைத்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் பி.பி. இறங்கி விழுந்துவிடுவார். 24 மணி நேரத்துக்குள் சில்டெனாஃபில் (ஆண்மைக்குறைவு மாத்திரை, இரண்டும் சேர்ந்தால் பி.பி. ஆபத்தாக இறங்கும்) எடுத்தாரா என்று தனியாகக் கேளுங்கள். குடும்பத்தார் முன்னால் கேட்டால் பதில் வராது.

போரூர்_மாணவி
ரொம்ப நன்றி சார். ஒரு குழப்பம். அமிக்காசின் என்ற ஆன்டிபயாட்டிக்கின் ஹாஃப் லைஃப் 2, 3 மணி நேரம்தான் என்று படித்தேன். அப்படியானால் அடிக்கடி கொடுக்க வேண்டுமே? வார்டில் ஒரு நாளைக்கு ஒரே தடவைதான் போடுகிறார்கள்.

கிண்டி_டியூட்டர்
நல்ல கேள்வி. அரை ஆயுள் மட்டும் இடைவெளியைத் தீர்மானிப்பதில்லை. அமிக்காசின், ஜென்டாமைசின் எல்லாம் உச்ச அளவு எவ்வளவு உயரம் போகிறதோ அவ்வளவு கிருமியைக் கொல்லும். அளவு இறங்கிய பிறகும் கிருமி சில மணி நேரம் தலைதூக்காது. நடுவில் அளவு நன்றாக இறங்குவது சிறுநீரகத்துக்கும் காதுக்கும் நல்லது. அதனால் ஒரே பெரிய டோஸ். பென்சிலின் குடும்பம் நேர் எதிர். அங்கே உயரம் முக்கியமில்லை, குறிப்பிட்ட அளவுக்கு மேல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதே முக்கியம். ஆகவே 8 மணிக்கு ஒருமுறை என்று எழுதியிருந்தால் காலை 6, மதியம் 2, இரவு 10. சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்து 8, 1, 8 என்று கொடுத்தால் இரவில் 12 மணி நேரம் கிருமிக்கு விடுமுறை கொடுத்த மாதிரி.

அமிக்காசினையும் பென்சிலின் வகையையும் ஒரே பாட்டிலில் கலக்காதீர்கள், ஒன்றையொன்று செயலிழக்க வைக்கும்.

தாம்பரம்_ஐசியு
பொட்டாசியம் கேள்விக்கு வருகிறேன். பொட்டாசியம் குளோரைடு 10 மி.லி. ஆம்பியூல் (உடைத்து எடுக்கும் சிறு குப்பி), 15 சதவீதம். 1 மி.லி.யில் 150 மி.கி., அதாவது 2 எம்ஈக்யூ (மில்லி ஈக்விவலன்ட், உப்புகளை அளக்கும் அலகு). முழு ஆம்பியூலில் 20 எம்ஈக்யூ. இப்போது நோயாளியின் பக்கம் பாருங்கள். பெரியவர் ஒருவர் உடம்பில் பிளாஸ்மா ஏறத்தாழ 3 லிட்டர். லிட்டருக்கு பொட்டாசியம் 4 என்று வைத்தால் மொத்தம் 12 எம்ஈக்யூ. கையிலிருக்கும் அந்தச் சின்ன ஆம்பியூலில் இருப்பது, அவர் பிளாஸ்மா முழுக்க ஓடும் பொட்டாசியத்தைவிட அதிகம். செல்லுக்குள் போக நேரம் கொடுக்காமல் தள்ளினால் அது நேரே இதயத்துக்குப் போய் அதை நிறுத்திவிடும்.

கலக்கும் முறை: 500 மி.லி. என்.எஸ்.ஸில் (நார்மல் சலைன், உப்புக் கரைசல்) ஒரு ஆம்பியூல். இது லிட்டருக்கு 40 எம்ஈக்யூ, சாதாரண கை இரத்தக்குழாய்க்கு இதுதான் உச்சம். வேகம் மணிக்கு 10 எம்ஈக்யூவைத் தாண்டக் கூடாது. 4 மணி நேரத்தில் ஓடவிட்டால் மணிக்கு 5தான், நிம்மதி.

மருந்தைத் தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் சேர்க்காதீர்கள். பொட்டாசியக் கரைசல் கனமானது, கீழே வாய்ப்பக்கமே தங்கிவிடும். முதல் சில நிமிடத்தில் ஏறத்தாழ அதுவே தனியாக இறங்கும். ட்ரிப்பில்தானே போட்டோம் என்று நினைப்போம், உண்மையில் நேரடியாகத் தள்ளியதற்குச் சமம். பாட்டிலை இறக்கி, மருந்து சேர்த்து, குறைந்தது 10 தடவை கவிழ்த்து நிமிர்த்தி, லேபிள் ஒட்டி, அப்புறம் மாட்டுங்கள்.

முன்னால் பார்க்க வேண்டியது சிறுநீர். மணிக்கு கிலோவுக்கு 0.5 மி.லி.யாவது போகவில்லை என்றால் ஆரம்பிக்காமல் டாக்டரைக் கேளுங்கள். ஓடும்போது கை எரிகிறது என்று நோயாளி சொன்னால் வேகத்தைக் குறைத்து ஊசி போட்ட இடத்தில் வீக்கம் பாருங்கள். மானிட்டரில் ஈ.சி.ஜி.யின் டி அலை கூம்பாக உயர்ந்தால் ட்ரிப்பை மூடிவிட்டுக் கூப்பிடுங்கள். 10 மி.லி. டிஸ்டில்ட் வாட்டர் ஆம்பியூலும் இதுவும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆன்டிபயாட்டிக் கரைக்கிற தட்டில் இதை வைக்கவே கூடாது, தனிப் பெட்டி, சிவப்பு லேபிள்.

அண்ணாநகர்_ஸ்டாஃப்
பம்ப் இல்லாத வார்டுக்குச் சொட்டுக் கணக்கையும் சொல்லிவிடுங்கள்.

தாம்பரம்_ஐசியு
500 மி.லி. 4 மணி நேரம் என்றால் மணிக்கு 125. 1 மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட்டில் மணிக்கான மி.லி.யை 3 ஆல் வகுத்தால் நிமிடச் சொட்டு வந்துவிடும்: 125 ÷ 3, சுமார் 42. மைக்ரோ செட்டில் 1 மி.லி.க்கு 60 சொட்டு. அங்கே மணிக்கு எத்தனை மி.லி.யோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. 15 சொட்டு செட்டும் வருகிறது, அதில் 4 ஆல் வகுக்க வேண்டும். உறையைக் கிழித்துப் போடும் முன் எண்ணைப் பாருங்கள். நோயாளி கையை மடக்கினாலே வேகம் மாறும் என்பதால் ஒரு தடவை எண்ணிவிட்டுப் போய்விடக் கூடாது.

வியாசர்பாடி_ஜி.என்.எம்
எந்த மருந்தை எதில் கரைக்கக் கூடாது? அட்டவணை இருக்கிறதா?

மருந்தாளுநர்_பெரம்பூர்
உறைக்குள் இருக்கும் துண்டுச்சீட்டுதான் அட்டவணை, அதை எறியாதீர்கள். அடிக்கடி தப்பு நடக்கும் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஃபெனிடாய்ன் (வலிப்பு மருந்து): என்.எஸ்.ஸில் மட்டும். டெக்ஸ்ட்ரோஸில் விட்டால் வெள்ளையாகத் திரிந்து படிகமாகும். நிமிடத்துக்கு 50 மி.கி.க்கு மேல் வேண்டாம், வயதானவருக்கு அதிலும் பாதி. செஃப்ட்ரையாக்சோன் (ஆன்டிபயாட்டிக்): ஆர்.எல்.லில் (ரிங்கர் லாக்டேட் ட்ரிப்) கால்சியம் இருப்பதால் அதில் கரைக்கவோ, அது ஓடும் லைனில் சேர்த்து விடவோ கூடாது. பெரியவருக்கு நடுவில் லைனை என்.எஸ்.ஸால் நன்றாகக் கழுவிவிட்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுக்கலாம். பிறந்து 28 நாளுக்குள் உள்ள குழந்தைக்கு ஐ.வி. கால்சியம் போகிறது என்றால் இந்த மருந்தே கூடாது.

போரூர்_மாணவி
அட்ரினலின் ஆம்பியூலில் 1:1000 என்று இருக்கிறது. இதில் மி.கி. எங்கே?

தாம்பரம்_ஐசியு
1000 மி.லி.யில் 1 கிராம் என்று படியுங்கள். 1 கிராம் 1000 மி.கி., ஆக 1 மி.லி.யில் 1 மி.கி. அனஃபிலாக்சிஸுக்கு (உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை) பெரியவருக்கு 0.5 மி.கி., அதாவது அரை மி.லி., தொடையின் வெளிப்பக்க நடுவில் தசையில். தேவைப்பட்டால் 5 நிமிடத்தில் மறுபடி. 1:10,000 வேண்டுமென்றால் 1 மி.லி. ஆம்பியூலோடு 9 மி.லி. என்.எஸ். அப்போது 1 மி.லி.யில் 0.1 மி.கி. இதயம் நின்றவருக்கு ஐ.வி.யில் கொடுக்கும் அதே 1 மி.கி.யை, இதயம் துடித்துக்கொண்டிருப்பவருக்கு இரத்தக்குழாயில் தள்ளிவிடக் கூடாது.

கிண்டி_டியூட்டர்
இவ்வளவு படித்தாயிற்று, ஒரு கணக்கு. நோயாளி 60 கிலோ. பி.பி.யை ஏற்றும் டோபமின் கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம். ஆம்பியூல் 5 மி.லி.யில் 200 மி.கி. 50 மி.லி. சிரிஞ்ச் பம்ப். மணிக்கு எத்தனை மி.லி.?

போரூர்_மாணவி
5 × 60 = 300 மைக்ரோகிராம். 200 மி.கி. 50 மி.லி.யில் என்றால் 1 மி.லி.யில் 4 மி.கி., அதாவது 4000 மைக்ரோகிராம். 300 ÷ 4000 = 0.075. மணிக்கு 0.075 மி.லி.

கிண்டி_டியூட்டர்
ஒரு மில்லியில் எவ்வளவு என்பதைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். 300 என்பது எத்தனை நேரத்துக்கு?

தாம்பரம்_ஐசியு
விடை 0.075 என்று வரும்போதே கை நிற்க வேண்டும். பெரியவருக்கு பம்பில் அப்படி ஒரு எண் வராது. இன்னொன்று: மருந்து 5 மி.லி., என்.எஸ். 45 மி.லி. என்.எஸ்.ஸையே 50 எடுத்து மருந்தைச் சேர்த்தால் 55 ஆகி, 1 மி.லி.யில் 3.6 மி.கி.தான் இருக்கும். நம்முடைய கணக்கு முழுக்க தப்பாகும்.

போரூர்_மாணவி
நிமிடத்துக்கு 300. மணிக்கு 18,000 மைக்ரோகிராம், 18 மி.கி. 18 ÷ 4 = 4.5. மணிக்கு 4.5 மி.லி.
லேபிள்: டோபமின் 200 மி.கி. 5 மி.லி., என்.எஸ். 45 மி.லி., மொத்தம் 50 மி.லி., 1 மி.லி.யில் 4 மி.கி., நோயாளி பெயர், தேதி, கலந்த நேரம்.

வடசென்னை_சிஸ்டர்
4.5 சரி. லேபிளில் கையெழுத்து விட்டுப்போச்சும்மா. கலந்தவர் ஒன்று, கூட நின்று கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்த்தவர் ஒன்று.